மூன்று டின் கரியும் ஒரு பீப்பாய் டீசலும்

மாண்புமிகு ஆய்வாளர் அம்மையார் அவர்களின் மேலான பார்வைக்கு,

தங்களின் கரி எரிபொருள் சோதனைக்கு இன்ஜின் ஓட்டுபவராகவும் சாட்சியாகவும் நியமிக்கப்பட்டவரும், முப்பத்திரண்டு வருஷமாகத் தங்களுக்குத் தகப்பனாராக இருந்து வருபவருமாகிய நான் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கள் தாயாரும் இன்ஜினும் அவரவர் வயதுக்கு ஏற்ற சுகத்தோடு இருக்கிறோம். அங்கே தாங்களும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, நலமாக இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கிறோம்.

இவ்வளவு மரியாதை எதற்கு என்று முகத்தைச் சுளிக்காதே. நீதானே போனில் சொன்னாய், "அப்பா, மகளுக்கு எழுதுற மாதிரி எழுதாதீங்க. ஆபீசுக்கு எழுதுற மாதிரி எழுதுங்க. எங்க ஆய்வுக் குழுவில இதை அப்படியே வாசிப்பாங்க" என்று. நாற்பது வருஷம் டீசல் இன்ஜின் பட்டறையில் மேஸ்திரியாக இருந்தவனுக்கு அறிக்கை எழுதத் தெரியாதா என்ன? எழுதியிருக்கிறேன். ஆனால் அதெல்லாம் இரண்டு வரியில் முடிந்துவிடும்: இன்ஜின் வந்தது, இன்ஜின் போனது. இந்தத் 'தாங்கள்' முதல் பக்கத்தைத் தாண்டுமா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. குழுவில் இருக்கும் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்து உன்னைக் காக்க வைக்க மனசு வரவில்லை. தங்கள் கரியில் இன்ஜின் ஓடவில்லை. மூன்று தடவை கொடுத்துப் பார்த்தோம், மூன்று தடவையும் நின்றுவிட்டது. குழு கேட்டது நிற்காமல் நான்கு மணி நேரம். நம்மால் முடிந்தது பதிமூன்று நிமிஷம், ஏழு நிமிஷம், நான்கு நிமிஷம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தப் பக்கம் நீ, "சரிப்பா, பரவாயில்லப்பா" என்பாய். அந்தப் 'பரவாயில்ல'யைக் காதில் வாங்க எனக்குத் தெம்பு இல்லை. வியாழக்கிழமை குழு கூடுகிறது, இந்த அறிக்கையைப் பார்த்துவிட்டு உன் மூன்று வருஷ வேலையை இழுத்து மூடிவிடும் என்பது எனக்குத் தெரியும். நம் தெருவிலிருந்து பத்து நிமிஷ நடையில் இருக்கிற பெயின்ட் கம்பெனி உனக்குக் கொடுப்பதாகச் சொன்ன வேலைக்கு வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பதும் தெரியும். அதனால் இன்ஜினுக்குப் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடி நிதானமாக எழுதுகிறேன். இப்போது டீசலில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. நடுநடுவே அடைப்புக்குறிக்குள் எண்கள் வந்தால் கண்டுகொள்ளாதே. அரை மணிக்கு ஒரு தடவை, சக்கரம் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்று அளந்து எழுதுவது என் கைக்கு ஊறிப்போன பழக்கம். டீசலுக்கு எதற்குக் குறிப்பு என்று சொன்னாலும் கை கேட்பதாக இல்லை.

(மணி 11.00. சுற்று 620. சத்தம் சீர்.)

குழுவினருக்காக ஒரு வார்த்தை. ஆய்வாளர் அம்மையார் அனுப்பியது மூன்று டின். ஒவ்வொன்றிலும் பத்து லிட்டர். உள்ளே இருப்பது நிலக்கரியை இடித்து, ஏதோ ஒரு எண்ணெயில் போட்டு வேகவைத்து, கரையாத மண்ணையும் சாம்பலையும் வடிகட்டி எறிந்துவிட்டு, எண்ணெயையும் திரும்ப எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுகிற கட்டிக் கரி. அதை முகத்துக்குப் போடும் பவுடரைவிட நைசாக அரைத்து, தண்ணீரில் கலந்து, அடியில் படியாமல் இருக்கச் சோப்பு மாதிரி ஒன்றையும் சேர்த்திருக்கிறார். பார்வைக்குக் கறுப்பு பெயின்ட். இதை டீசலுக்குப் பதிலாக இன்ஜின் குடிக்கும் என்பது அம்மையார் கட்சி. கூடவே பதினோரு விதிகள் எழுதிய தாள் ஒன்று. நாலாவது விதி, அரை மணிக்கு ஒரு தடவை கரித் தொட்டியை அடிவரை கலக்க வேண்டும். அதை உன் அம்மாவிடம் ஒப்படைத்தேன். ஏழாவது விதி, டீசலுக்கும் கரிக்கும் மாற்றிவிடுகிற வால்வை யாரும் கழற்றக் கூடாது. ஒன்பதாவது, இன்ஜினை நிறுத்தும் முன் பத்து நிமிஷம் டீசல் கொடுத்துக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் குழாயிலும் எரிபொருளைப் பீய்ச்சும் நாசிலிலும் கரி காய்ந்து கல்லாகிவிடும். பதினோராவது விதியைப் படித்துவிட்டு உன் அம்மா சிரித்தாள்: "எழுதிய எதையும் கிழிக்கக் கூடாது. தவறு என்றால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும்." சின்ன வயசில் பரீட்சைத் தாளைக் கிழித்துக் கூரையில் சொருகியவள் நீ.

காலை எட்டு மணிக்குத் தொடங்கினோம். வீட்டு இன்ஜின் கொட்டகையில் நான், உன் அம்மா, அப்புறம் நாசில். நாசில் யார் என்று குழுவினர் குழம்பக் கூடாது. அவர் மனிதர்தான். பட்டறையில் என்னோடு முப்பது வருஷம் நாசில் மட்டுமே கழற்றிக் கழுவியவர், அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. நான் என்ன சொன்னாலும் "ஆமா மேஸ்திரி" என்பதைத் தவிர வேறு பதில் அவர் வாயில் வந்ததில்லை. நீ சொன்னபடி வால்வின் கைப்பிடியைச் சிவப்புப் பொட்டுக்கு நேராக வைத்து, அதாவது டீசலில், இன்ஜினைக் கிளப்பினேன். அரை மணியில் நன்றாகச் சூடேறிவிட்டது. கைப்பிடியைக் கறுப்புப் பொட்டுக்கு, அதாவது கரிக்கு, திருப்பலாம் என்று போனால் வால்வின் கழுத்தில் ஒரு துளி கசிவு. ஒரே ஒரு துளி. அடுத்தது விழ ஒரு நிமிஷம் ஆகும். வேறு யாராக இருந்தாலும் அடியில் ஒரு கிண்ணத்தை வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். என் கை பட்ட இன்ஜின் கசிந்தது என்று நாளைக்குக் குழுவில் யாரும் சொல்லிவிடக் கூடாதே. இன்ஜினை நிறுத்தி, உன் ஏழாவது விதியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, வால்வைக் கழற்றி, வாஷரை மாற்றி, பதினைந்தே நிமிஷத்தில் பூட்டிவிட்டேன். கைப்பிடியும் சதுரத் தண்டில் தட்டாமலே ஏறி உட்கார்ந்துகொண்டது. கசிவு போயே போய்விட்டது. நிறுத்தியதுதான் நிறுத்தினோம் என்று டீசல் தொட்டியையும் நிரப்பினேன். அதுவும் சாதாரண டீசல் இல்லை. நான் ஓய்வு பெற்ற அன்று பட்டறையில் பிரியாவிடையாகக் கொடுத்தார்களே அந்தப் பீப்பாய். ஒன்பது வருஷமாக ஒரு சொட்டு எடுக்காமல் வைத்திருந்தேன். மகளுடைய சோதனைக்கு அதைவிட நல்ல நாள் ஏது என்று மூடியைத் திறந்தேன்.

(மணி 11.30. சுற்று 620. சத்தம் சீர்.)

சூடு ஆறும் முன்னால் மறுபடி கிளப்பி, கைப்பிடியைக் கறுப்புக்குத் திருப்பினேன். உன் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். நாசில் தொப்பியைக் கழற்றினார், அது அவர் வழக்கமாகச் சாவு வீட்டில் செய்வது, அதைப் பார்த்தே எனக்கு மனசு கெட்டது. பத்து நிமிஷம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் இருமியது. வெள்ளைப் புகை வந்தது. பதிமூன்றாவது நிமிஷம் சக்கரம் ஒரு பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. சரி, முதல் தடவை, வெட்கமாக இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு கைப்பிடியைச் சிவப்புக்குத் திருப்பிக் கிளப்பினேன். கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு அழகாக ஓடியது. இருபது நிமிஷம் ஓடவிட்டு மறுபடி கறுப்பு. ஏழு நிமிஷத்தில் அதே இருமல், அதே புகை, அதே பெருமூச்சு. மறுபடி சிவப்பு, மறுபடி ராஜநடை. கரி சரியாகக் கலங்கவில்லை போலிருக்கிறது என்று உன் அம்மாவைக் கடிந்துகொண்டேன். "நான் பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கலக்குறேங்க, இதுக்கு மேல கலக்குனா கை கழண்டுடும்" என்றாள். அப்படியென்றால் பழைய கரி அலுத்திருக்கும், புது டின்னை ஊற்றலாம் என்று மூன்றாவது டின்னை எடுத்தேன். அது காலையிலிருந்து வெயிலில் இருந்ததைக் கவனிக்கவில்லை. 'ஊற்றும் முன் குலுக்கவும்' என்று மூடியில் நீ எழுதியிருந்ததைக் கவனித்தேன். குலுக்கினேன். மூடி பறந்தது. பதினைந்து வருஷத்துக்குப் பிறகு என் மீசை கறுத்தது. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மீதிக் கரி மதில் சுவரைத் தாண்டி, அடுத்த வீட்டுச் சலவைக்கடையில் கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஆஸ்பத்திரி விரிப்புகள் முப்பத்தாறின் மேல் விழுந்தது. சலவைக்கடை அம்மா வெளியே வந்தார். விரிப்புகளைப் பார்த்தார். என் மீசையைப் பார்த்தார். "அண்ணே, நல்லா இருக்கு, ஆனா வெள்ளையே உங்களுக்கு எடுப்பு" என்று மட்டும் சொல்லிவிட்டு விரிப்புகளை உருவத் தொடங்கினார். அந்தப் பொறுமை எனக்குத் திட்டு வாங்கியதைவிட அதிகமாக வலித்தது. இந்தக் களேபரத்தில் மூன்றாவது முயற்சியும் நடந்தது. நான்கு நிமிஷம்.

நாசிலைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். மனிதரைச் சொல்லவில்லை, மனிதரிடம் சொன்னேன். அவர் பில்டரையும் சேர்த்துத் திறந்தார். உள்ளே பழுப்பு நிறத்தில் சளி மாதிரி ஒரு கொழகொழப்பு. உன் கரி கறுப்பு ஆயிற்றே, இது ஏன் பழுப்பு என்று எனக்கும் ஒரு நிமிஷம் இடித்தது. கரியும் டீசலும் குழாயில் சந்தித்து ஒத்துவராமல் இப்படித் திரிந்துபோயிருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னேன். "ஆமா மேஸ்திரி" என்றார் நாசில். குழுவினர் இதை ஒரு கண்டுபிடிப்பாகவே குறித்துக்கொள்ளலாம்.

(மணி 12.00. சுற்று 620. சத்தம் சீர்.)

அதன் பிறகு கறுப்புப் பொட்டுப் பக்கமே போகவில்லை. பில்டரைத் துடைத்து மாட்டி, சூடு ஆறுவதற்குள் கிளப்பி, பதினொரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கைப்பிடியைச் சிவப்பில் வைத்ததுதான், இன்னும் அங்கேயே இருக்கிறது. கழுவப் பத்து நிமிஷம் போதும் என்று விதி சொல்கிறது. ஆனால் சலவைக்கடை அம்மாவுக்கு முப்பத்தாறு விரிப்புகளை மறுபடி துவைக்க வேண்டும். அவர் வீட்டு மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவதும் துவைக்கும் உருளையைச் சுற்றுவதும் இந்த இன்ஜின்தான். செய்த பாவத்துக்குச் சாயங்காலம் வரை ஓட்டித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். மகளே, இப்போது இதன் சத்தத்தை நீ கேட்க வேண்டுமே! இத்தனை வருஷத்தில் இந்த இன்ஜின் இவ்வளவு மெத்தென்று ஓடி நான் கேட்டதில்லை. வழக்கமான கட்டை உதறல் இல்லை, தட்டல் இல்லை, தரையில் வைத்த டம்ளரில் டீகூடச் சலனப்படவில்லை. இருட்டில் நிறுத்திவைத்தாலும் எந்த இன்ஜின் எதைக் குடிக்கிறது என்று காதால் சொல்லிவிடுவேன் என்பது பட்டறைக்கே தெரிந்த சேதி. அந்தக் காது சொல்கிறது: டீசல் என்றால் டீசல்தான். இப்படி ஒரு எரிபொருளை உண்டாக்கிய கை யாருடைய கையோ, அந்தக் கைக்கு இந்த அறிக்கையின் மூலம் என் கும்பிடு. இதையும் குழுவினர் குறித்துக்கொள்ளலாம்.

(மணி 12.30. சுற்று 620. சத்தம் சீர்.)

உன் அம்மாதான் கொஞ்சம் கவலைப்பட வைக்கிறாள். வெறும் டீசலில் ஓடும்போதும் அரை மணிக்கு ஒரு தடவை கட்டையை எடுத்துக்கொண்டு போய்க் கரித் தொட்டியைக் கலக்கிவிட்டு வருகிறாள். "அது முடிஞ்சு போச்சும்மா, இனிமே எதுக்குக் கலக்குறே?" என்று கேட்டேன். "பாப்பா கலக்கச் சொன்னா. நிறுத்தச் சொல்லலையே" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "என்னங்க, கலக்கக் கலக்கக் குறையுதுங்க" என்றாள். வெயிலில் தண்ணீர் ஆவியாகப் போகத்தான் செய்யும் என்று விளக்கினேன். "கரியுமா ஆவியாப் போகும்?" என்றாள். நீ தோற்றதை அவளால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை, அதனால் இப்படி ஏதாவது பேசுகிறாள் என்று புரிந்துகொண்டு, மேற்கொண்டு வாதாடாமல் விட்டுவிட்டேன். சாப்பிடக்கூடத் தட்டைக் கொட்டகைக்கே கொண்டுவந்துவிட்டாள். ஒரு கையில் தட்டு, ஒரு கையில் கலக்கும் கட்டை.

(மணி 1.00. சுற்று 615. சாப்பாடு.)

(மணி 1.30. சுற்று 620. சத்தம் சீர்.)

சலவைக்கடை அம்மாவும் வந்து ஒரு விசித்திரமான விஷயம் சொன்னார். "அண்ணே, வழக்கமா உங்க இன்ஜின் ஓடுனா என் துணியில பொட்டுப் பொட்டாப் புகைக் கறை விழும். அக்கம்பக்கம்னு நானும் வாயத் தொறந்து சொன்னதில்ல. இன்னைக்கு ஒரு பொட்டுக்கூடக் காணோமே, என்ன செஞ்சீங்க?" காற்று இன்றைக்கு அந்தப் பக்கம் அடிக்கவில்லை என்றேன். அவர் கொடியைப் பார்த்தார். விரிப்புகள் எங்கள் பக்கத்திலிருந்து அவர் பக்கமாகத்தான் ஆடிக்கொண்டிருந்தன. நல்ல மனுஷி, விரிப்பை எடுக்கப் போய்விட்டார். உன் கரிக்கறை வெறும் தண்ணீரிலேயே போய்விட்டதாம், அதையும் உனக்குச் சொல்லச் சொன்னார். உனக்கு ஆறுதலாக எழுத அது ஒன்றுதான் இருக்கிறது.

இனி எழுதப்போவது அறிக்கையில் சேருமா என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னாய், இதுவும் நடந்ததுதான். மூன்றாவது தடவை இன்ஜின் நின்றபோது, உன் அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்தபோது, எனக்குள்ளே ஒரு சின்ன சந்தோஷம் வந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது, சின்னதுகூட இல்லை. டீசல் ஜெயித்துவிட்டது என்று கொஞ்சம். பெயின்ட் கம்பெனி பத்து நிமிஷ நடை, சாயங்காலம் ஐந்தரைக்கு வீட்டு வாசலில் உன் செருப்புச் சத்தம் கேட்கும் என்று நிறைய. இதற்கெல்லாம் அடியில் இன்னொன்றும் இருந்தது. உன் தாத்தா பாய்லருக்குக் கரி அள்ளியவர். அவர் இருமினால் துண்டில் கறுப்பாகத்தான் விழும். நான் பட்டறையில் சேர்ந்த முதல் நாள் வீட்டுக்கு வந்ததும் என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். எண்ணெய்க் கை, கரிக்கை இல்லை. அன்றைக்கு இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அந்தக் கரியிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் தப்பித்து வந்தோம் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, நீ இவ்வளவு படித்துவிட்டு மூன்று டின்னில் அதையே அடைத்து வீட்டுக்கு அனுப்புகிறாய். எனக்கு எப்படி இருக்கும், நீயே சொல்.

(மணி 2.00. சுற்று 620. சத்தம் சீர்.)

இதை ஒரு தடவை உன்னிடம் கேட்டேன், நினைவிருக்கிறதா? நீ கோபப்படவில்லை. "தாத்தா நெஞ்சுக்குள்ள போனது தூசியும் சாம்பலும்ப்பா. நான் அந்தச் சாம்பலத்தான் வெளிய எடுக்குறேன்" என்றாய். புகை புகைதானே என்று விடாமல் கேட்டேன். "ஆமாப்பா, எரிச்சா புகை வரத்தான் செய்யும். கரி ரொம்ப நல்லதுன்னு நான் எங்கேயும் சொல்லலை. கப்பல்ல டீசல் வர்ற வரைக்கும் பம்பு நின்னுபோற ஊருங்க இருக்கு, அங்கெல்லாம் காலடியிலயே கரி கிடக்கு. அதுக்கு ஒரு வழி பண்ணலாம்னு பார்க்குறேன், அவ்வளவுதான்" என்றாய். அன்றைக்கு நான் அதற்கு, சாப்பிட்டாயா என்று கேட்டேன். இன்றைக்கு இன்ஜின் எனக்காகப் பதில் சொல்லிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். சந்தோஷப்பட்டு முடித்ததும், உன் மூன்று வருஷம் என் கொட்டகைத் தரையில் சிந்திக் கிடப்பதைப் பார்த்தேன். துடைக்கக் குனிந்தேன், முதுகு பிடித்துக்கொண்டது. அது எனக்கு வேண்டியதுதான்.

(மணி 2.30. சுற்று 620. சத்தம் சீர்.)

ஆகவே ஆய்வாளர் அவர்களே, முடிவாகச் சாட்சியின் கருத்து: தங்கள் கரி அறிவுள்ள கரி, படித்த கரி, தண்ணீரில் போகும் கரி. இன்ஜினுக்கு மட்டும் ஆகவில்லை. பெயின்ட் கம்பெனிக்குச் சம்மதம் என்று எழுதிவிடு. அங்கேயும் கறுப்பு பெயின்ட் செய்கிறார்கள், உன் கைராசி வீண்போகாது. உன் அறையைத் துடைத்து வைக்கச் சொல்கிறேன். இதனால் மனசு உடையாதே. நீ நீண்ட ஆயுசோடும், குறையாத தைரியத்தோடும், வேளைக்குச் சோறோடும் இருக்க வேண்டும் என்று நானும் உன் அம்மாவும் வாழ்த்துகிறோம். நாசிலும் தன் அன்பைச் சொல்லச் சொன்னார். குழுவினர் அனைவருக்கும் என் வணக்கம்.

இப்படிக்கு,
சாட்சி (அப்பா)

(மணி 3.00. சுற்று 620. சத்தம் சீர்.)

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறையில் போடப் போகும்போது உன் அம்மா கட்டையோடு வந்து நின்றாள். "என்னங்க, தொட்டியில அடி தெரியுது. இனிமே எதைக் கலக்குறது?" என்றாள். போய்ப் பார்த்தேன். இருபது லிட்டர் ஊற்றிய தொட்டியில் நான்கு விரற்கடை கரி மிச்சம். எங்கேயோ ஒழுகியிருக்கிறது என்று தரையெல்லாம் தேடினேன். ஒரு சொட்டுக் கிடையாது, நான்தான் கசிவு இல்லாமல் பூட்டியிருக்கிறேனே. பிறகு டீசல் தொட்டியின் கண்ணாடிக் குழாயைப் பார்த்தேன். பதினொரு மணிக்குச் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டிருந்தேன். டீசல் அந்தக் கோட்டிலேயே நின்றுகொண்டிருந்தது, மயிரிழைகூட இறங்கவில்லை. நான்கு மணி நேரம் சொட்டு டீசல் குடிக்காமல் ஒரு டீசல் இன்ஜின் ஓடுகிறது, நான் பக்கத்தில் உட்கார்ந்து டீசலைப் புகழ்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வால்வுத் தண்டின் நுனியில் நீ அரத்தால் ஒரு கீறல் போட்டிருக்கிறாய், கைப்பிடி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று. அதை இப்போதுதான் பார்த்தேன். காலையில் நான் கழற்றிப் பூட்டும்போது கைப்பிடியை நேர் எதிராக மாட்டியிருக்கிறேன். சதுரத் தண்டு, எப்படி வைத்தாலும் ஏறிவிடும். அதன் பிறகு கைப்பிடி சிவப்பைக் காட்டியபோதெல்லாம் கரி போயிருக்கிறது. கறுப்பைக் காட்டியபோது போனது என் பிரியாவிடைப் பீப்பாய். மூன்று தடவையும் இன்ஜினை நிறுத்தியது அதுதான். பீப்பாயின் அடியிலிருந்து ஒரு டம்ளர் பிடித்துப் பார்த்தேன்: கீழே தண்ணீர், மேலே அதே பழுப்புச் சளி. ஒன்பது வருஷம் நான் பத்திரமாகக் காப்பாற்றிவைத்த டீசல், எனக்குச் சொல்லாமலே கெட்டுப்போயிருக்கிறது. "எனக்கு அப்பவே லேசா ஒரு சந்தேகம் மேஸ்திரி" என்கிறார் நாசில். முப்பது வருஷத்தில் இன்றைக்குத்தான் அவர் வேறு ஒரு வாக்கியம் பேசினார், அதுவும் நான்கு மணி நேரம் தாமதமாக. உன் அம்மா கட்டையை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இப்போது வேறு ஒரு சிக்கல். நிறுத்தும் முன் நல்ல டீசலால் கழுவ வேண்டும் என்பது விதி. நாற்பது வருஷ டீசல் மேஸ்திரியின் வீட்டில் ஒரு டம்ளர் நல்ல டீசல் கிடையாது. நாசில் கேனை மாட்டிக்கொண்டு சைக்கிளில் போயிருக்கிறார். அவர் வருவதற்குள் கரி தீர்ந்துவிடக் கூடாதே என்று உன் அம்மா தொட்டியைச் சாய்த்துப் பிடித்து அடியை வழித்துக் கலக்கிக்கொண்டிருக்கிறாள். அவள் மட்டும் என் பேச்சைக் கேட்டு அப்போதே நிறுத்தியிருந்தால், கரி அடியில் படிந்து, ஒன்றரை மணிக்கே உன் இன்ஜின் நின்றிருக்கும்.

இந்தத் தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டு, கௌரவமாக இரண்டு வரி அறிக்கை அனுப்பலாம் என்று கை போனது. பதினோராவது விதிக்குப் பயந்து நிறுத்தவில்லை, ஏழாவதை உடைத்தவனுக்குப் பதினோராவது எம்மாத்திரம். ஆனால் அரை மணிக்கு ஒரு தடவை எழுதிய சுற்றுகள் இதே தாள்களில்தான் இருக்கின்றன. உன் நான்கு மணி நேரத்துக்கு வேறு அத்தாட்சி இல்லை. நான் சந்தோஷப்பட்ட இடத்தைக் கிழித்தால் அதன் கீழே இருக்கும் இரண்டு மணிச் சுற்றும் சேர்ந்து கிழியும். அதனால் அப்படியே அனுப்புகிறேன், குழு முழுக்கப் படித்துச் சிரிக்கட்டும். தங்கள் கரியில் ஓடவில்லை என்று எழுதியதை ஒற்றைக் கோடு போட்டு அடித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பெயின்ட் கம்பெனியை இரண்டு கோடு போட்டு அடித்திருக்கிறேன், ஒரு கோடு விதிப்படி, ஒரு கோடு என் பங்குக்கு. உன் அறையைத் துடைக்கச் சொல்லப் போவதில்லை. நீ தோற்றபோது நான் சந்தோஷப்பட்டதை அடிக்கவில்லை. அது நடந்தது, உனக்குத் தெரிய வேண்டும். இந்த எரிபொருளை உண்டாக்கிய கைக்குக் கும்பிடு போட்டேனே, அதையும் அடிக்கவில்லை. எழுதும்போது அது யாருடைய கை என்று எனக்குத் தெரியாது. இப்போது தெரியும். கும்பிடு அப்படியே இருக்கட்டும்.

தெருமுனையில் சைக்கிள் மணி கேட்கிறது.

(மணி 3.30. சுற்று 620. எரிபொருள்: கரி. கலக்கியவர்: அம்மா. சாட்சி: அப்பா.)